முகத்தை மறைக்காதே, மூன்று நாளைக்குள் காட்டு

எங்கட ஆக்கள் கை முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நெஞ்சுக்குள் நொந்தாலும் ஓடுவார்கள். முகம் ஒரு பக்கமாகக் கோணினால் மட்டும் அறைக்குள் ஓடிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். லாச்சப்பலில், போபூர் சென் தெனித் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இவ்வளவு காலம் திரிந்ததில் இப்படி ஒளிந்துகொண்ட நாலைந்து பேரையாவது கண்டிருக்கிறேன். அவர்களில் இரண்டு பேருக்கு முகம் இன்றைக்கும் சரிவரவில்லை. வருத்தம் அவர்களுக்குச் செய்த கெடுதலைவிட ஒளிந்துகொண்டது செய்த கெடுதல் கூட என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் வைத்தியன் இல்லை. இதை வாசித்துவிட்டு வீட்டில் இருந்தபடி வைத்தியம் செய்யாமல், வாசித்துவிட்டு வைத்தியரிடம் போங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற அண்ணர் ஒருவர். காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்தால் கடைவாயால் வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்க முகம் தொங்கிப்போய் இருக்கிறது, வலது கண் மூட மாட்டேன் என்கிறது. அறையில் ஐந்து பேர். ஐந்து பேரும் அன்றைக்கு வைத்தியர்கள்.

"பனிக்காத்து அடிச்சிருக்கு, உள்ளியைத் தட்டித் தேனோட சாப்பிடுங்கோ."

"சுயிங்கம் சப்புங்கோ அண்ணை, தசை இறுகும்."

"டொக்டரிட்டப் போனா கோர்ட்டிசோன் தருவான், பிறகு முகம் பலூன் மாதிரி ஊதிப்போகும்."

ஊருக்குப் போன் எடுத்தால் அங்கே அம்மா முனி அடித்திருக்கும் என்று சொல்லி நூல் கட்டி அனுப்ப ஆயத்தம். இன்னொருவர் சந்தையில் வாங்கிய கரண்ட் மசாஜ் மெசினைக் கொண்டுவந்து கன்னத்தில் ஒட்டிவிட்டார். பத்தோனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அண்ணர் மூன்று கிழமை வெளியில் வரவில்லை. கண் சிவந்து நோவு தாங்காமல்தான் கடைசியில் வைத்தியரிடம் போனார். கண்ணைக் காப்பாற்றினார்கள். முகம் பாதிதான் திரும்பியது. இப்போது அவர் வாயை அசைத்தால் கண் தானாக மூடும். கலியாண வீடுகளில் வீடியோக்காரன் வந்தால் எழும்பிப் போய்விடுவார்.

இனி, முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உடம்பில் மற்றத் தசைகள் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகும். முகத்தின் தசைகள் பெரும்பாலும் தோலில் போய் முடிகின்றன. அதனால்தான் அவை இழுக்கும்போது தோல் மடிந்து சிரிப்பு, கோபம், அருவருப்பு எல்லாம் வெளியில் தெரிகிறது. இந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோவது மூளையிலிருந்து வருகிற ஏழாவது நரம்பு, முகநரம்பு. பக்கத்துக்கு ஒன்று. அது காதுக்குப் பக்கத்திலுள்ள எலும்பில் ஓர் ஒடுங்கிய குழாய்க்குள்ளால் வந்து, காதுக்குக் கீழே வெளிப்பட்டு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளால் ஐந்து கிளையாகப் பிரிந்து நெற்றி முதல் கழுத்து வரைக்கும் போகிறது. சப்புவதற்கான தசைகள் இதன் கீழ் இல்லை, அவை ஐந்தாவது நரம்பின் பொறுப்பு. முகம் கோணினவர் சப்ப முடியும், ஆனால் சோறு கன்னத்துக்குள் தேங்கி நிற்கும். சுயிங்கம் சப்பச் சொன்ன தம்பியின் வைத்தியம் எவ்வளவு தூரம் வழிதவறிப் போயிருக்கிறது என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இந்த அறிவில் ஒரு பங்கு நாங்கள் இருக்கிற இதே பாரிஸில் பிறந்தது. 1806இல் பிறந்த துஷேன் என்ற வைத்தியர், சல்பெத்ரியேர் போன்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் முகத்தில் மின்சாரத்தைத் தொட்டு எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், படமும் எடுத்தார். 1862இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பத்து வருடம் கழித்து டார்வின் தன் புத்தகத்துக்கு அந்தப் படங்களை எடுத்துக்கொண்டார். மனதாரச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியிருக்கிற தசையும் சேர்ந்து இழுக்கும், அது நாங்கள் சொல்லிக் கேட்காது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் ஒன்று. துஷேன் மின்சாரத்தைத் தொட்டது தசைகளை அறிவதற்கு. அதைக் காட்டி, பாரிசவாதத்துக்கும் முகவாதத்துக்கும் கரண்ட் நல்லது என்று மெசின் விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். முகம் அசைகிற விதத்தைத் திரும்பப் பழக்குகிற இங்கத்தைய நிபுணர்கள் பொதுவாகக் கரண்டும் வேண்டாம், சுயிங்கமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். தசைகள் தாறுமாறாக இறுகிப்போகும் என்ற பயம்தான் காரணம்.

முகம் கோணுவதற்குக் காரணம் பல. காரணம் தெரியாமல் திடீரென்று வருவதற்கு பெல் வாதம் என்று பெயர். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பெல், 1821இல் இந்த நரம்பைப் பற்றி எழுதியவர். வருடத்தில் ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. ஒளித்துவைக்கிற அளவுக்கு இது அபூர்வமான வருத்தம் இல்லை. மெத்ரோவில் உங்களோடு வருகிறவர்களில் யாரோ ஒருவருக்கு வந்து மாறியிருக்கும். நரம்பு வீங்குகிறது, எலும்புக் குழாய் ஒடுக்கம், வீங்கின நரம்பு அதற்குள் நசிகிறது. நரம்புக்குள் காலகாலமாக உறங்கிக்கிடக்கும் ஹேர்ப்பிஸ் வைரஸ் எழும்புவதால் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

பனிக்காற்றுக் கதை எங்கட ஆக்களுடைய மூடநம்பிக்கை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு வைத்தியர்களே இதற்கு "ஆ பிரிகோரே" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிரால் வந்தது என்று அர்த்தம். குளிர்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே பனிக்காற்று என்று சொன்ன அறைக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. உள்ளியோடு நிறுத்தினதில்தான் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு கணக்கு. 2007இல் ஸ்கொட்லாந்தில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. பெல் வாதம் வந்து 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் வந்த 551 பேர். அதில் சிலருக்கு பிரெட்னிசோலோன், அதாவது அந்தப் பயமுறுத்துகிற கோர்ட்டிசோன் வகைக் குளிசை, பத்து நாள் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 83 வீதமானவர்களுக்கு முகம் முழுதாகத் திரும்பியது. எடுக்காதவர்களில் 63.6 வீதம். ஒன்பது மாதத்தில் 94.4 வீதம், மற்றப் பக்கம் 81.6 வீதம். வைரஸுக்கான குளிசை தனியே பெரிதாக உதவவில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு எப்படியும் மாறும். உள்ளிக்கும் நூலுக்கும் நல்ல பெயர் கிடைத்தது இப்படித்தான். மற்றது, குளிசை எடுக்காமல் விட்டதால் முகம் கோணலாகவே நின்றுவிட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பத்துப் பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். குளிசைக்குப் பலன் முதல் மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் என்று வைத்தியம் சொல்கிறது. எங்கட ஆக்களின் மூன்று நாள் எங்கே போகிறது? முதல் நாள் கண்ணாடி பார்ப்பதில், இரண்டாம் நாள் ஊருக்குப் போன் எடுப்பதில், மூன்றாம் நாள் எண்ணெய் பூசுவதில். நாலாம் நாள் "இனிப் பார்ப்பம்."

பத்து நாள் கோர்ட்டிசோனில் முகம் ஊதிப்போகாது. நீண்ட காலம் எடுத்தால் வருகிற பிரச்சினை அது. ஆனால் அது சீனியைக் கூட்டும். எங்கட ஆக்களில் சலரோகம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. சலரோகக்காரருக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூட. ஆகவே அறைக்காரரிடம் மிஞ்சிக் கிடக்கிற குளிசையைக் கடன் வாங்கி விழுங்காமல், சீனி இருக்கிறது, பிரெசர் இருக்கிறது, பிள்ளைத்தாச்சி என்பதையெல்லாம் வைத்தியரிடம் சொல்லி அவர் எழுதித் தருவதை எடுங்கள். காதுக்குள் கொப்புளம் போட்டிருந்தால் அதையும் காட்டுங்கள். அது அம்மை வைரஸ் செய்கிற வேலை, ராம்சே ஹன்ட் என்று பெயர், வைத்தியம் வேறு. உங்கள் பிள்ளைகளுக்கு ஜஸ்டின் பீபரைத் தெரியும். 2022 ஜூனில் அந்தப் பாடகர் அசையாத அரை முகத்தோடு வீடியோவில் வந்து, தனக்கு வந்தது இதுதான் என்று உலகத்துக்கே காட்டினார். காட்டுக்குள் போய் உண்ணி கடித்தவர்கள் அதையும் சொல்லவேண்டும். லைம் என்ற வருத்தமும் முகத்தை இழுக்கும்.

இன்னொன்று இதையெல்லாம்விட முக்கியம். முகம் கோணுவது மூளையில் இரத்தம் அடைபட்டதாலும் இருக்கலாம். அதுதான் பாரிசவாதம். அப்போது மூன்று நாள் கணக்கும் இல்லை, மணிக்கணக்குத்தான். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். நெற்றியின் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால், பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், வாய்தான் கோணும். பெல் வாதத்தில் நெற்றியும் அசையாது. வைத்தியர்கள் இதை வைத்துத்தான் பிரிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டாம். முகம் திடீரென்று இழுத்தால், அதிலும் கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், 15க்கு அடியுங்கள். பிரெஞ்சு வராதவர்கள் இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கள்: "மோன் விசாஜ் எ பாரலிசே." என் முகம் இழுத்துவிட்டது என்று அர்த்தம். லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே லரிபுவாசியேர் ஆஸ்பத்திரி. 1854இல் திறந்தது. மூளை இரத்தக் குழாய்க்கும் காது மூக்குத் தொண்டைக்கும் பெயர் பெற்றது. நாங்கள் மரக்கறிப் பையோடு தினமும் கடந்துபோகிற மதில் அது.

விசா இல்லை, காட் இல்லை என்று பயந்து நிற்கிறவர்களுக்கும் ஒரு சொல். அவசர வைத்தியத்துக்குப் பேப்பர் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு மேல் இங்கே இருந்து வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து எயித் மெடிக்கல் தெத்தா என்ற அரச மருத்துவ உதவி இருக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பாஸ் என்ற பிரிவு, கையில் எந்தக் காப்புறுதியும் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே அரச ஆஸ்பத்திரிகளில் இயங்குகிறது. உங்களைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாது என்பது வைத்தியருக்குச் சட்டம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மூடாத கண் காய்ந்துபோகும், கருவிழியின் முன்படலத்தில் புண் வரும், பார்வை போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு, படுக்கும்போது இமையை மூடி ஒட்டுவது. இவ்வளவும் பார்மசியில் கிடைக்கிற சாமான். எப்படி ஒட்டுவது என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். மூன்று கிழமையில் எந்த அசைவும் திரும்பாவிட்டாலோ மூன்று மாதத்தில் குறை இருந்தாலோ விசேட வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இங்கே கினேயும், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒர்த்தோபோனிஸ்தும் முகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணாடிக்கு முன் இருந்து மெதுவாக, சின்னச் சின்னதாக. வாயை அசைக்கக் கண் மூடுகிற கோளாறு இருக்கிறதே, நரம்பு திரும்ப வளரும்போது பாதை மாறிப் போவதால் வருவது அது. அதற்கு போட்டொக்ஸ் ஊசி உதவும். நடிகைகளைக் கேலி செய்ய நாங்கள் சொல்கிற அதே போட்டொக்ஸ்தான்.

இவ்வளவு நேரமும் தானாக வருகிற வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கட சனத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. செல் துண்டால் முகநரம்பு அறுபட்டவர்கள். 2009இல் வன்னியில் உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தபோது முகநரம்பைத் தேடி எடுத்துத் தைக்க ஆர் இருந்தார்கள்? அறுந்த நரம்பைத் தைப்பதானால் உடனே தைக்கவேண்டும். ஒன்றரை இரண்டு வருடம் கடந்தால் தசை செத்துவிடும், நரம்பைப் பொருத்தியும் பலன் இல்லை. ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று இல்லை. சப்புகிற தசை ஒன்றை இறக்கி வாய்க்கடையில் பொருத்தி, அதன் மூலம் சிரிக்கப் பழக்குகிற சத்திரசிகிச்சை இருக்கிறது. பிரான்சில் கான் நகரத்து வைத்தியர் டானியல் லாபே 1990களில் சீர்செய்த முறை அதில் ஒன்று. ஐந்தாவது நரம்பின் கீழ் இருக்கிற தசை என்பதால் அது சாகாமல் இருக்கிறது. பத்து வருடம் பதினைந்து வருடம் போனவர்களும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு முதலில் முகத்தைக் காட்டவேண்டும்.

பிரெஞ்சுக்காரர் இதில் எங்களுக்கு முன்னுக்குப் போனவர்கள். முதலாம் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த ஆமிக்காரர்களை இங்கே "கேல் காசே" என்பார்கள். உடைந்த மூஞ்சிகள் என்று அர்த்தம். 1919 ஜூன் 28இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அப்படி ஐந்து பேரை மண்டபத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், யுத்தம் என்ன செய்தது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று. 1921இல் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். இருந்தாலும் சிரி என்பது அவர்களின் கொள்கைச் சொல். காசு சேர்க்க லொத்தர் நடத்தினார்கள். இந்த நாட்டின் தேசிய லொத்தர் அந்த வழியில் வந்தது. அந்தச் சங்கத்துக்கு லொத்தர் நிறுவனத்தில் இன்றைக்கும் பங்கு இருக்கிறது. தபாக்கில் லோட்டோ வெட்டுகிற எங்கட ஆக்கள் தெரியாமலேயே அந்த உடைந்த முகங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார்கள். எங்கட காயக்காரருக்கு இப்படி ஒரு சங்கம் இல்லை. முகத்தில் காயம்பட்ட பெண்பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறாள், கோவிலுக்கும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு போகிறாள்.

அவள் ஏன் மூடுகிறாள்? நாங்கள் மூடவைக்கிறோம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். சிரிக்காதவள் பெருமைக்காரி, முகம் கொடுத்துக் கதைக்காதவன் மண்டைக்கனக்காரன், பொய் சொன்னவனுக்கு வாய் கோணும் என்றும் சொல்கிறோம். வாய் கோணினவன் அப்போது என்ன நினைப்பான்? நரம்பு நசிந்தவனின் அகம் எந்த முகத்தில் தெரியும்? இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. ஒஃப்ராவில் கதிரைக்கு முன்னால் இருந்து தம்பி செத்த கதையைச் சொல்கிறவனின் முகம் ஒரு பக்கம் அசையவில்லை என்றால், மற்றப் பக்கம் சிரிப்பது போல இழுபட்டால், கேட்கிறவர் என்ன விளங்குவார்? அப்படி இருக்கிறவர்கள் விசாரணை தொடங்க முன்னரே வைத்தியச் சான்றிதழைக் காட்டி, என் முகம் இப்படித்தான், இது காயம், இது வருத்தம் என்று சொல்லிவிடவேண்டும். லோயருக்கும் சொல்லவேண்டும். இங்கேயும் அதே விதிதான், மறைத்தால் உங்களுக்குத்தான் நட்டம்.

கனடாவில் இருக்கிற வாசகர்களுக்கு ஜோன் கிறெச்சியனைத் தெரியும். சிறுவயதில் வந்த பெல் வாதத்தால் இடப்பக்க முகம் இழுபட்ட மனிசன். 1993 தேர்தலில் எதிர்க்கட்சி அவருடைய கோணல் முகத்தைக் காட்டி, இவரா பிரதமர் என்ற மாதிரி விளம்பரம் போட்டது. சனம் கொதித்தது, விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர் முகத்தை மறைக்கவில்லை. நான் வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசுகிறேன், மற்றவர்களைப் போல இரண்டு பக்கத்தால் பேசவில்லை என்று பகிடி விட்டார். ஆளுங்கட்சியாக இருந்த அந்தக் கட்சி இரண்டே இரண்டு இடத்தில் வென்றது. விளம்பரம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அவர்கள் தோற்க வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த முகத்தோடு அவர் பத்து வருடம் நாட்டை ஆண்டார்.

கடைசியாக, அறையில் நாலு பேரோடு இருக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் ஒருநாள் எழும்பி, தேத்தண்ணி வழியுது என்று சொன்னால் உள்ளியைத் தேடாதீர்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் பிரெஞ்சு வராவிட்டால் உங்கள் பிரெஞ்சு போதும். வேலைக்கு ஒருநாள் போகாவிட்டால் சம்பளத்தில் வெட்டுவான், அவ்வளவுதான். அவர் முகம் திரும்பி வந்தால் அறைக்காரர் எல்லாரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு சோறு தின்னலாம்.